மடியில் அமர்ந்து வருபவரையும் பயணியாக எண்ணக் கோரும் மனு

அனுப்புநர்
உவேலேசே பெசமினோ,
பேருந்து உரிமையாளர்,
சலேமோயா கிராமம், உபோலு தீவு.

பெறுநர்
தலைமை அதிகாரி அவர்கள்,
அயல்வணிக முறையீட்டு அலுவலகம்,
அப்பியா.

பொருள்: என் பேருந்தின் மீது பிறப்பிக்கப்பட்ட ஆணையை நிறுத்திவைக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் எழுத்து கோணலாக இருப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டுகிறேன். சென்ற மழைக்காலத்தில்தான் பாதிரியாரின் மனைவியிடம் எழுதப் படிக்கக் கற்றேன். வண்டி ஓட்டும் என் மகன் தாவிட்டா, தானே எழுதித் தருவதாகச் சொன்னான். நான் விடவில்லை. ஓர் அதிகாரிக்கு என் கையால் எழுதுவதில் எனக்குள்ள மகிழ்ச்சி புகார் மனுவுக்குப் பொருந்தாது என்று அறிவேன். ஆனாலும் அது இருக்கிறது.

1. எங்கள் கிராமத்துக்கும் தலைநகர் அப்பியாவுக்கும் இடையே என் மரப்பேருந்து ஓடுகிறது. சென்ற ஆண்டு முதல் ஒரு வெளிநாட்டு நிறுவனமும் குளிரூட்டிய பேருந்துகளை விட்டுள்ளது. கட்டணம் என்னுடையதில் பாதி. அதே நிறுவனத்தின் பேருந்தில்தான், அதன் சொந்த ஊரான ஆக்லாந்தில் என் மகள் வேலைக்குப் போகிறாள். தொலைபேசியில் சொன்னபோது சிரித்தாள்: "அந்தக் காசுக்கு இங்க கதவைக்கூடத் தொறக்க மாட்டாங்கப்பா!"

2. வெளிநாட்டார் தம் ஊர் விலைக்கும் கீழே இங்கு விற்று உள்ளூர்க்காரரை ஒழித்தால், அதைத் தடுக்கக் குவிப்புத் தடுப்புச் சட்டம் உண்டு என்று கேள்விப்பட்டு, தங்கள் அலுவலகத்தில் முறையிட்டேன். விசாரணை அதிகாரி திருமதி மோனா அன்போடு உட்காரவைத்தார். "மூட்டை கட்டித் துறைமுகத்துல எறக்கியிருந்தா இன்னைக்கே புடிச்சிருப்பேன் பெரியவரே. சட்டம் சரக்குக்குத்தான். பஸ் ஓட்டுறது சேவை. அது மூட்டைக்குள்ள வராதே!" என்றார். உடன் வந்திருந்த என் மனைவி பெனினா கேட்டாள்: "கண்ணுக்குத் தெரியாத சரக்குன்னா, அது எங்க பொழப்ப மட்டும் எப்படிம்மா கண்டுபிடிச்சு மிதிக்குது?" திருமதி மோனாவும் சிரித்துவிட்டார். எதற்கும் விசாரித்து எழுதுவதாகச் சொன்னார்.

3. விசாரிக்க ஓர் அலுவலர் வந்து என் பேருந்தில் பயணம் செய்தார். எங்கள் வழக்கம் தாங்கள் அறிந்ததே. இருக்கை நிறைந்த பின் ஏறுபவர் முன்னால் ஏறியவரின் மடியில் அமர்வார். யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்த அலுவலரும் சேப்பங்கிழங்கு விற்கும் லாங்கியின் மடியில் அமர்ந்துதான் ஆட்களை எண்ணினார். "என்ன தம்பி, ஆபீஸ்ல சாப்பாடே போடறதில்லையா? எலும்பு குத்துது. கொஞ்சம் அசையாம எண்ணு" என்று லாங்கி சொன்னாள். பேருந்தே சிரித்தது. அவரும் சிரித்தார். எங்களுக்கு நல்லது நடக்கும் என்று நம்பினோம்.

4. சென்ற வாரம் பதில் வந்தது. என் பெயருக்கு வந்து, நானே படித்த முதல் அரசுக் கடிதம் அது. படித்துக் காட்டுகிறேன் என்று பெனினாவை எதிரே உட்காரச் சொல்லி, சத்தமாகத் தொடங்கினேன். பாதிக்கு வந்ததும், தவறாகப் படிக்கிறேன் என்று எண்ணி, விரலை வைத்து மறுபடியும் படித்தேன். தவறில்லை, ஐயா.

5. அக்கடிதம் சொல்வது இது: வெளிநாட்டு நிறுவனம் விற்பது சேவை, ஆகவே குவிப்புச் சட்டம் அதைத் தொடாது. நானோ ஓர் இருக்கைக்கு ஒருவர் என்ற முறையை மீறுகிறேன். மடியில் அமர்ந்தவர்களை விட்டு அம்முறைப்படி கணக்கிட்டால் என் கட்டணம் அடக்கச் செலவுக்கும் குறைவு. ஆகவே விலையைக் கெடுப்பவன் நான். வரும் திங்கள் முதல் மடியில் எவரையும் ஏற்றக் கூடாது. மீறினால் வண்டி பறிமுதல். அவர்களைத் தொட முடியாத சட்டத்துக்கு என்னைத் தொட மட்டும் கை எங்கிருந்து வந்தது? எழுதும் இப்போதும் என்னால் நம்ப முடியவில்லை.

6. இருக்கைக்கு ஒருவரை ஏற்றினால் டீசலுக்கே கட்டுப்படியாகாது. கட்டணத்தை உயர்த்தினால் கிழங்கு விற்பவர்களால் தர முடியாது. வண்டி நின்றுவிடும். வெளிநாட்டுப் பேருந்து இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். இந்த ஆணை வந்த மறுநாளே, ஆற்றுப்பாலத்துக்கு இப்பால் பயணிகள் போதவில்லை என்றும், இனி பாலத்தோடு திரும்பிவிடுவதாகவும் அந்நிறுவனம் பலகை வைத்துவிட்டது. எங்கள் கிராமம் பாலத்துக்கு இப்பால் இருக்கிறது.

7. பெனினாவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் அப்பியா மருத்துவமனையில் அவளுடைய இரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்கிறார்கள். திரும்பும்போது நிமிர்ந்து உட்கார அவளால் ஆவதில்லை. யாராவது ஒரு பெண் மடியில் வாங்கி அணைத்துக்கொண்டு வருகிறாள். அவ்வாறு வருவதைத்தான் தங்கள் ஆணை குற்றம் என்கிறது. கடிதத்தைக் கேட்டதும் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அப்போ பாலம் வரைக்கும் என்னை யாரு தூக்கிட்டுப் போறது?"

ஆகவே ஐயா, வெளிநாட்டு நிறுவனத்தின் மீது தங்களால் ஒன்றும் செய்ய முடியாவிட்டாலும், மடியில் வருபவரையும் பயணியாக எண்ணி, மேல்விசாரணை முடியும்வரை என் மீதான ஆணையையாவது திங்களுக்கு முன் நிறுத்திவைக்குமாறு பணிந்து வேண்டுகிறேன். அடுத்த வாரம் மீண்டும் எழுதுவேன். திங்களன்று பெனினா மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தாளா இல்லையா என்பதைத் தங்களுக்கு அதில் தெரிவிப்பேன்.

இடம்: சலேமோயா
நாள்: வியாழன், ஆகஸ்ட் 14

இப்படிக்குத் தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
உவேலேசே பெசமினோ
(கைரேகை அல்ல, கையொப்பம்)