விறைத்த கயிறு

செவ்வாய், இரவு

நாய்க்குட்டி கடுகு என்னோடு வரும்போது இழுப்பதே இல்லை. இழுத்தால் நின்றுவிடுவேன், கயிறு தளர்ந்ததும் நடப்பேன். இருபது நாளில் கற்றுக்கொண்டது. இன்று காலை என் கணவர் கூட்டிப்போனார். தறியில் பழகிய கை, நூல் தொய்ந்தால் பொறுக்காது. கயிற்றையும் விறைப்பாகவே பிடித்திருக்கிறார். அது முண்டியடித்து இழுத்ததில், செவிலிமேட்டு பஸ் ஸ்டாப்பில் எல்லோர் எதிரிலும் விழுந்திருக்கிறார்.

"கவுறைத் தளர்த்திப் புடிங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?"

"நாய்க்குப் பாடம் எடுத்தது போதும்மா. ஞாயித்துக்கெழம தாமல் ஊர்ல என் தம்பி வூட்டுல இத வுட்டுட்டு வந்துடறேன்."

விழுந்தது அவர் கையால். வீட்டை விட்டுப் போவது மட்டும் நாயாம். கடுகு போனால் நானும் கூடவே போய்விடுகிறேன் என்றேன். சிரித்தார். துணிகளை அடுக்கிய என் பையை எடுத்துக் கட்டில்மேல், அவர் படுக்கும் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.