பக்கத்து நாற்காலியில் மூச்சு

வெள்ளவத்தை,
12.08.1996

அன்பின் அத்தானுக்கு,

நான் நல்ல சுகம் என்று எழுத ஆசைதான். குண்டு வெடித்ததிலிருந்து எங்கள் இன்சூரன்ஸ் கந்தோருக்கு வருவதெல்லாம் செத்தவர்களின் காப்புறுதிப் பணத்துக்கான விண்ணப்பங்கள். ரைப் பண்ணப் பண்ண எழுத்தெல்லாம் பிழைக்குது. நித்திரையும் இல்லை.

மனேஜர் என்னையும் என்னோடு வேலை செய்யும் மேபலையும் பொரளையில் ஒரு டொக்டரிடம் அனுப்பினார். வேலையால் மனம் நொந்தவர்களைக் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்லும் வகுப்பு. ஆருக்குப் பலன் கிடைக்கும் என்று முன்கூட்டியே அறிய வேண்டுமாம். ஒவ்வொருவரையும் தனியாக விசாரித்தார். மேபலுக்குக் கட்டாயம் சுகம் வருமாம். என்னைக் கனநேரம் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சரிவராது, மிஸிஸ் யோகநாதன். நீங்கள் மனக்கதவைப் பூட்டி வைத்துச் சீவிக்கிறனீங்கள்" என்றார்.

எனக்குச் சரியான கோபம். வேணுமென்றே அந்த வகுப்புக்குப் போகிறேன்.

உங்கள்
ஈசு

வெள்ளவத்தை,
30.09.1996

அன்பின் அத்தானுக்கு,

மேபல் வகுப்பை விட்டிட்டா. கண்ணை மூடினால் அழுகை வருதாம்.

எனக்கு வேறு மாதிரி. என் மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்க, பக்கத்து நாற்காலியில் இன்னொரு மூச்சுக் கேட்டது. கண்ணைத் திறந்தால் ஆருமில்லை. ஆனால் அந்த ஆஸ்துமா இழுப்பு எனக்குத் தெரியும். குண்டில் போன அன்னபாக்கியம் அக்கா. பக்கத்து மேசையிலிருந்து எத்தனை வருஷம் கேட்டது! அவவின் விண்ணப்பத்தை மட்டும் ரைப் பண்ண மனமில்லாமல் அடியில் வைத்திருந்தேன்.

அடுத்த நாளே அதை எடுத்து ரைப் அடித்தேன். கடைசி எழுத்தோடு காதடியில் ஒரு நெடுமூச்சு. பிறகு இழுப்பே இல்லை. அன்றிரவு நித்திரையும் வந்தது.

உங்கள்
ஈசு

ரொறன்ரோ,
18.10.1996

என் அன்பு ஈசு,

உம்முடைய கடிதம் வாசித்து எனக்கு உடம்பு கூசிப்போச்சு. டொக்டரிட்டை இதைச் சொன்னீரோ? அந்த வகுப்பை விடும். வேலையையும் விடும். விசா சரிவந்திட்டுது, ரிக்கற் அனுப்புறன். யோசிக்காமல் வெளிக்கிட்டு வாரும்.

யோகநாதன்

வெள்ளவத்தை,
25.11.1996

அன்பின் அத்தானுக்கு,

டொக்டரிடம் சொல்லவில்லை. அவர் பாவம், நல்ல சந்தோஷத்தில் இருக்கிறார். "என்ரை கணிப்புப் பிழைச்சுது. எல்லாரையும் விட உங்களுக்குத்தான் சுகம்" என்று புதிதாக வருபவர்களுக்கு என்னைக் காட்டுகிறார்.

உண்மைதான். நன்றாகச் சாப்பிடுகிறேன், நித்திரை கொள்கிறேன். இப்போது கண்ணை மூடவும் தேவையில்லை. காலையில் கந்தோருக்குப் போகும்போதே என் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். விண்ணப்பத்தில் தங்கள் பெயர் வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நான் அடித்து முடிக்க, ஒவ்வொருவராக மூச்சை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

ரிக்கற் வந்தது. திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபிக்காதையுங்கோ. நாட்டில் சண்டை முடிகிற மாதிரித் தெரியவில்லை. எனக்கு இங்கே வேலை கிடக்கு. நீங்கள் இன்னும் இளம் ஆள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நாகேஸ்வரி