மூன்று மணி வரைக்கும்

அஜின்கோர்ட், ரொறன்ரோ
நவம்பர் 16

அன்புள்ள மகள் துவாரகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னை உனக்குத் தெரியும். பாதி சொல்வேன், பிறகு அங்கே வெயில் எப்படி, பிள்ளை பால் குடிக்கிறானா என்று கதையை மாற்றிவிடுவேன். நாலு மாதமாக அதைத்தான் செய்தேன். எழுதத் தொடங்கினால் அப்படி நழுவ முடியாது என்று நினைக்கிறேன்.

இங்கே போன கிழமை முதல் பனி கொட்டியது. குளிர் வந்ததும் ஆட்கள் வீட்டைச் சூடாக்கும் பேர்னஸைப் பார்க்க வரச்சொல்லி இன்னும் எனக்குத்தான் போன் அடிக்கிறார்கள். முதுகு சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன். முதுகுக்கு ஒன்றுமில்லை. உன் தங்கச்சி துர்க்கா ஞாயிற்றுக்கிழமைகளில் விட்பியிலிருந்து சாப்பாடு கொண்டுவருகிறாள். போன கிழமைச் சாப்பாடு அப்படியே ஃபிரிட்ஜில் இருப்பதைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போகிறாள். அவளுக்கு வாய் அம்மாவின் வாய்.

அவள்தான் சொன்னாள், நீ உன் மனிசன் தம்பி ராஜீவை விட்டுப் பிரிய லோயரிடம் விவாகரத்துக்குக் கொடுத்துவிட்டாய், டிசம்பரில் கையெழுத்து வைக்கப்போகிறாய் என்று. அம்மா இறந்ததற்கு அவர்தான் காரணம் என்று நீ நினைக்கிறாய். யூலையில் அந்த வியாழக்கிழமை பின்னேரம் நீ வேலையால் வந்து கதவைத் திறந்தபோது உங்கள் பீனிக்ஸ் வீடு கொதித்துக்கொண்டிருந்தது, அம்மா உள்ளே உயிரில்லாமல் கிடந்தாள். சுவரில் இருந்த பட்டனில் ஏசியை நிறுத்தி, வெறும் காற்று மட்டும் ஓடும்படி வைத்திருந்தது. அதற்கு முதல் மாதம் ஒருநாள், கரண்ட் பில் கூடுகிறது என்று அவர் வேலையிடத்தில் இருந்தபடியே போன் மூலம் ஏசியை நிறுத்தியதால், நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்திருந்தீர்கள். அதனால் இதுவும் அவர் செய்ததுதான் என்று முடிவு கட்டிவிட்டாய்.

அவர் நிறுத்தவில்லை, பிள்ளை. அம்மாதான் நிறுத்தினாள். நிறுத்தச் சொன்னது நான்.

முதலிலிருந்து சொல்கிறேன். மார்ச்சில் நான் உங்களிடம் வந்து நின்றேன் அல்லவா? அதற்குக் கொஞ்ச நாள் முன்னர் ஏசி பார்க்க வந்த கொம்பனிக்காரன், இது பதினேழு வருசப் பழசு, காஸ் கசிகிறது, இந்தக் கோடையைத் தாங்காது, கோடைக்குக் குளிரும் மாரிக்குச் சூடும் தருகிற புதுசைப் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தான். தம்பி போடத்தான் இருந்தார். நான்தான் விடவில்லை. இருபத்திரண்டு வருசம் ரொறன்ரோவில் பேஸ்மென்ற் பேஸ்மென்றாக இறங்கி பேர்னஸ் திருத்தினவன், விற்க வருகிறவனின் கதை எனக்குத் தெரியாதா என்று மார்தட்டினேன். வெளியே நின்ற பெட்டியில் இருந்த பாலைவனத் தூசியைக் கழுவினேன். ஒரு சின்னச் சாமானையும் பில்டரையும் மாற்றினேன். குளுகுளு என்று வந்தது. வராமல் என்ன செய்யும்? மார்ச்சில் அங்கே அடிப்பது எங்கள் யூன் மாதத்து வெயில். அப்பா இருக்கும்போது எனக்கென்ன என்று நீ சிரித்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. காஸ் கசிந்து குறைந்தால் பைப்பில் ஐஸ் பிடிக்கும், குளிர் நின்றுவிடும்; அந்தக் கசிவை நான் பார்க்கவே இல்லை. நீ வயிற்றில் பிள்ளையோடு வேலைக்கும் போய்க் கஷ்டப்படுகிறாய் என்று யூனில் அம்மா உன்னிடம் வந்தாள்.

அந்த வியாழன், அங்கே பகல் பதினொன்றே முக்காலுக்கு எனக்குப் போன் எடுத்தாள். "இஞ்சாருங்கோ, காத்து வருகுது, ஆனா குளிரில்லை. பைப்பிலை வெள்ளையா ஐஸ் பிடிச்சுக் கிடக்கு" என்றாள். எனக்கு உடனே விளங்கியது. ஏசியை நிறுத்திக் காற்றை மட்டும் ஓடவிட்டால் ஐஸ் உருகும், பிறகு போட்டால் குளிரும். இந்த ஊரில் எத்தனையோ வீட்டுக்குச் சொன்ன வைத்தியம். அதையே அவளுக்கும் சொன்னேன். மூன்று மணி வரைக்கும் தொடாதே என்றேன். உனக்கு அறிவிக்கட்டோ என்று கேட்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாள், சொல்லாதே என்றேன்.

இங்கே ஏசி நின்றால் யன்னலைத் திறந்துவிட்டு இருக்கலாம். பேர்னஸ் நின்றால்கூட இன்னொரு சுவெற்றரைப் போட்டுக்கொண்டு ஆள் வரும்வரை சமாளிக்கலாம். அங்கே அன்றைக்கு நாற்பத்தாறு பாகை. அந்த ஊரில் ஏசி நின்றால் முதலில் வீட்டில் இருப்பவரை வெளியே எடுக்க வேண்டும், மெசினைப் பிறகு பார்க்கலாம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியுமாம். பக்கத்து வீட்டுக்குப் போய் இரு என்று ஒரு சொல் நான் சொல்லவில்லை. அவள் பிரஷர் குளிசை போடுகிறவள் என்றும் எனக்கு நினைவு வரவில்லை. உங்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம் அவிக்கப்போவதாகச் சொன்னாள். அந்த வீட்டில், அந்த வெக்கையில், அடுப்பை மூட்டப்போகிறாள். அதற்கும் ஓம் என்றேன்.

செத்தவீட்டில் தம்பி ராஜீவ் மூலையில் தனியாக நின்றார். எங்கள் சனத்தில் ஒருவரும் அவரோடு கதைக்கவில்லை. வெளியே வரும்போது என் பின்னால் வந்து, "மாமா, நான் ஆஃப் பண்ணல மாமா. நீங்களாவது நம்புங்க" என்றார். நான் அவர் தோளில் தட்டிவிட்டுக் காரில் ஏறிவிட்டேன். எல்லாம் தெரிந்துகொண்டுதான் ஏறினேன். உன் கோபம் அவர் பக்கம் போனபோது, என் பக்கம் வரவில்லையே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அம்மாவும் இல்லை, நீயும் இல்லை என்றால் என் கதி என்ன என்று பயந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஓகஸ்ட்டில் தம்பி அந்த வீட்டுக்குப் புது ஏசி போட்டுவிட்டாராம். நீ இல்லாத வீட்டில் மாதம் தவறாமல் பில்டர் மாற்றுகிறாராம். நீ இப்போது இருக்கிற அப்பாட்மென்றில் டிசம்பர் குளிருக்குச் சூட்டைப் போட முதல் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று இந்த இடத்தில் ஒரு பந்தி எழுதி, வெட்டிவிட்டேன். அந்த ஊர் ஆள் யாரையாவது கூப்பிட்டுக் கேள். என்னைக் கேட்காதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. துர்க்காவுக்கும் தெரியாது. அன்றைக்கு அங்கே இரண்டு மணிக்கு அம்மா எனக்குத் திரும்பப் போன் எடுத்திருக்கிறாள். நான் பிளாசாவில் சண்முகநாதன் அண்ணையோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஊர்ப்புதினம் கதைத்துக்கொண்டிருந்தேன். போன் காரில் கிடந்தது. ஒன்றேகால் மணித்தியாலம் கழித்துத்தான் அவள் வைத்த மெசேஜைக் கேட்டேன். "இஞ்சாருங்கோ, எனக்குத் தலை சுத்துது. இன்னும் மூண்டு மணியாகேல்லை. நான் இப்ப போடட்டோ?" அவ்வளவுதான். பட்டன் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, துவாரகா. முப்பத்தெட்டு வருசமாக வீட்டில் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் என்னைக் கேட்டுத்தான் செய்தாள். அப்படித்தான் நான் வைத்திருந்தேன். திருப்பி எடுத்தேன், அவள் தூக்கவில்லை. அயர்ந்து படுத்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். உனக்குக்கூட ஒரு போன் எடுக்கவில்லை.

அந்த மெசேஜை இன்று காலை தம்பி ராஜீவுக்கு அனுப்பிவிட்டேன். உனக்குக் கேட்கத் தருவதும் தராமல் விடுவதும் அவருடைய விருப்பம்.

கையெழுத்து வைக்காதே, பிள்ளை. அவரை மன்னித்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதுவும் பிழை, மன்னிக்கும்படியாக அவர் ஒன்றும் செய்யவில்லை. நீதான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த நிலைக்கு உன்னைக் கொண்டுவந்தது நான். பேரனைக் கொண்டுபோய் அவர் கையில் கொடு. நாலு மாதம் நீ சொன்னதையெல்லாம் அவர் தாங்கியிருக்கிறார்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். பேரனைப் பார்க்க வரட்டோ என்றும் கேட்கமாட்டேன். நீங்கள் மூன்று பேரும் ஒரு வீட்டில் இருக்கிறீர்கள் என்று துர்க்கா வந்து சொன்னால், அது எனக்குப் போதும்.

அம்மா உங்களைப் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
அப்பா