முட்டைமேல் விழுந்த பழி

அம்மாடி மருமகளே,

தூங்குகிறாய், எழுப்பவில்லை. சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக் குடி. நான் ஆஸ்பத்திரிக்குச் சண்டை போடப் போகிறேன்.

கருக்குழாய் அடைப்பைப் பார்க்க வயிற்றில் துளை போட்டு நீலச் சாயம் விட்டார்கள். உடனே உன் முகம் பூசணிக்காயாக வீங்கியது. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பதோ 'முட்டை ஒவ்வாமை'. பட்டினி போட்டுத்தானே உள்ளே கொண்டுபோனார்கள்? எந்தக் கோழி ஆபரேஷன் தியேட்டருக்குள் புகுந்து முட்டையிட்டதாம்?

"விடுங்க மாமா, டாக்டரைப் பகைச்சுக்காதீங்க" என்று முறைத்தாய். எப்படி விடுவது? அடுத்த முறையும் அதே சாயத்தை விட்டால் உயிருக்கே ஆபத்து என்கிறார் நர்ஸம்மா. சீட்டைத் திருத்தாமல் திரும்ப மாட்டேன்.

இன்னொன்று: "தெம்புக்கு நாற்பது முட்டை கொடுத்தேன்" என்று அங்கே பீற்றிக்கொண்டவன் நான்தான். கொடுத்தது இரண்டு. அதையும் ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

பேரப்பிள்ளைக்கு அவசரமில்லை என்று உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மாமா