விக் வைக்காமல் போகிறேன்

நபுகீரா,

மட்டோக்கே வாழைக்காய் மசியல் வாழையிலைக்குள் சூடாக இருக்கிறது. வேர்க்கடலைக் குழம்பு சின்னச் சட்டியில். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு நக்கிட்டோ அக்காவிடம் கொடு.

நான் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறேன். கம்பாலாவிலிருந்து அதிகாரிகளும் வருகிறார்கள். போன கூட்டத்தில் நான் பேசும்போது உடம்பு தீயாய்க் காந்தி, வியர்வையில் விக் சரிந்து, எல்லாரும் சிரித்தது உனக்குத் தெரியும். மாதவிடாய் நிற்கிற வயது. இன்றும் அப்படி வரலாம். தலைமை ஆசிரியை என்று என்னை அப்புறம் யார் மதிப்பார்கள்? அதனால்தான் இந்த நரைத்த கட்டைமுடியும் சிவப்புப் பருத்தி உடையும். "கிழவி மாதிரி இருக்கேம்மா" என்று நேற்று நீ சொன்னது இன்னும் வலிக்கிறது.

அம்மா

பி.கு.: கேட் வரை போனவள் பயந்து திரும்பி வந்து விக்கை மாட்டினேன். மறுபடி வெளியே வந்ததும் நக்கிட்டோ அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், இப்பதானே ராணி மாதிரி போனீங்க? அதுக்குள்ள யாரு உங்கள மாத்தினது?" என்றாள். உள்ளே வந்து கழற்றிவிட்டேன்.

சாப்பிட்டதும் நீயும் கூட்டத்துக்கு வந்து முன் வரிசையில் உட்காரு. எனக்கு வியர்த்தால் மற்றவர்கள் எப்படி வேண்டுமானாலும் பார்க்கட்டும், நீ மட்டும் தலையைக் குனிந்துகொள்ளாதே.