வேதகிரியின் நடை

அன்புள்ள அக்கா,

"வேதா கண்ணாடி எதிர்ல நின்னுக்கினு கழுத்த சாய்ச்சிக்கினே கீறான்டா, யாரு சொல்லிக் குடுத்தது?" என்று போனில் கேட்டாய். ஷூட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஷூட்டிங் எதுவும் இல்லை.

நான் வசனம் எழுதிய படத்தை எல்லாரும் பாராட்டுகிறார்கள். மனவளர்ச்சி குன்றிய ஒருவனைப் பஞ்சாயத்துத் தலைவராக்கி, அவன் பெயரில் ஊரே கொள்ளையடிக்கும் கதை. நாங்கள் கிண்டல் செய்தது ஊரைத்தான் என்று பேட்டிகளில் சொன்னேன். நடிகருக்கு நடையைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அது நம் தம்பி வேதாவின் நடை என்று உனக்குத் தெரியும். அதைப் பற்றி நீ கேட்கவே இல்லை.

போன மாதம் ஊருக்கு வந்தபோது, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நாலு பேர் அவனை நிறுத்தி, "தலைவரு மாரி நடந்து காட்டு வேதா" என்றார்கள். நடந்தான். அவன் நடை இல்லை அது. நடிகர் படத்தில் கூட்டிச் செய்த நடை. கடையே சிரித்தது. யாரும் ஊரை நினைத்துச் சிரிக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் ஓடிவந்தான். "கரெக்டா பண்ணனா அண்ணா?"

கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கலாம். நடிகருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், "கழுத்து இன்னும் கொஞ்சம் சாயணும்டா" என்றது.

நான் மறுபடி வந்து பார்ப்பேன் என்றுதான் கண்ணாடி முன்னால் பழகுகிறான், அக்கா.

அவன் முன்பு எப்படி நடப்பான் என்று யோசித்துப் பார்க்கிறேன். நடிகர்தான் கண்ணில் வருகிறார். உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.

உன் மூத்த தம்பி