பட்டிப்பூக் கசாயம்

நானா,

உங்கள் கிளினிக் தாள் போன கிழமை என் பழைய துணிப்பைக்குள் அகப்பட்டது. முன்பு என்றால் ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருப்பேன். இப்போது நான் வாசிக்கிறேன், நானா. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகத் தொடங்கி எட்டு மாதமாகிறது. கொட்டாஞ்சேனையில் ஒரு கடைப் பலகையையும் விடுவதில்லை. பஸ் பலகையில் ‘கல்கிசை’ என்று எழுத்துக் கூட்டி முடிக்குமுன் பஸ் போய்விடும், அதுவும் சந்தோஷம்தான். அதே சந்தோஷத்தோடு உங்கள் தாளையும் விரித்தேன். கடைசி வரியை மூன்று தரம் எழுத்துக் கூட்டினேன்.

ஒருகொடவத்தை ஸ்டோரில் முப்பது வருஷம் ஒன்றாக மூட்டை தூக்கினோம். உங்கள் கழுத்துக் கட்டி புற்றுநோய் என்று தெரிந்தபோது மகன் வெளிநாட்டில். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட வந்தேன். சேலைனோடு ஏற்றிய மருந்து நித்தியகல்யாணி என்கிற நம் பட்டிப்பூச் செடியிலிருந்து எடுத்தது என்று தாதி சொன்னார். கெட்டுப்போன உயிர்க்கலத்துக்குள் ‘பெருகு, பெருகு’ என்று ஓயாமல் ஒரு கட்டளை ஓடுமாம். கலம் இரண்டாகப் பிரியவிடாமல் இந்த மருந்து மறிக்குமாம்.

“மையவாடியில பூக்கிற பூவா எனக்கு உசிர் தரப் போகுது?” என்று, புதைகுழிகள்மேல் அது பூப்பதை நினைத்துச் சிரித்தீர்கள்.

பிறகு தாதி என் கையில் இந்தத் தாளைத் தந்தார். உங்கள் மூக்குக்கண்ணாடி வீட்டில் கிடந்தது.

“என்ன எழுதி ஈக்கிது, தம்பி?”

எனக்கு எழுத்துத் தெரியாது என்பதை முப்பது வருஷம் உங்களிடமிருந்து மறைத்திருந்தேன். தேத்தண்ணிக் கடையில் பேப்பரை விரித்துப் படம் பார்ப்பேன். அன்றும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நல்லா சாப்பிட்டு ஓய்வா இருக்கச் சொல்லி இருக்குங்க நானா” என்றேன். நீங்கள் தாளை வாங்கி, ஒருமுறை சுற்றித் திருப்பி, மடித்து என் பையிலேயே வைத்தீர்கள். “அப்ப சரி” என்றீர்கள்.

மறுநாள் விடிய, மதிலோரம் நின்ற பட்டிப்பூச் செடியில் கைநிறைய இலை பறித்தேன். சொட்டுச் சொட்டாக ஏறுவதே அவ்வளவு செய்யும் என்றால், ஒரு கோப்பை எவ்வளவு செய்யும் என்று நினைத்தேன். மூன்று நாள் காலையில் அதைக் கசாயமாக அவித்துக் கொண்டுவந்தேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தீர்கள். அடுத்த கிழமை உங்கள் கால் மரத்தது. வயிறு இறுகிப் பூட்டிக்கொண்டது. அடுத்த தவணை மருந்துக்கு நீங்கள் இல்லை.

தாளின் கடைசி வரி இது: ‘வைத்தியரைக் கேட்காமல் எந்த மூலிகைக் கசாயமும் குடிக்க வேண்டாம்.’

புதன்கிழமை அந்தத் தாளோடு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு தாதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏற்றிய மருந்தே கால்களை மரத்துப்போகச் செய்யும், வயிற்றைப் பூட்டும் என்றார். அந்த மருந்தை அளந்து ஏற்றுகிறார்கள். இலையில் அளவு இல்லை, அதில் நஞ்சும் உண்டு என்றார்.

“அப்ப, நான் குடுத்ததாலயா அம்மா?”

“அது இனி ஆராலயும் சொல்லேலாது, ஐயா.”

இல்லை என்று சொல்வார் என்று நின்றுகொண்டே இருந்தேன். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

உங்கள் மனைவி ஒவ்வொரு நோன்புக்கும் எனக்குக் கஞ்சி அனுப்புகிறார், கடைசிவரை பார்த்த மனுஷன் என்று சொல்லி. இனி அது எப்படித் தொண்டையில் இறங்கும்?

இன்னொன்றும் கண்டேன். தாளில் என் வெற்றிலைக்கறைப் பெருவிரல் அடையாளம் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் இருக்கிறது. கீழே அல்ல, மேலே, தலைப்புக்குப் பக்கத்தில். நான் அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். அதனால்தானா தாளைத் திருப்பினீர்கள்? கண்ணாடி இல்லாமலும் தலைப்பின் பெரிய எழுத்து தெரிந்திருக்குமே. எனக்கு வாசிக்கத் தெரியாது என்று தெரிந்துகொண்டா அந்தக் கசாயத்தைக் குடித்தீர்கள்? என்னை வெட்கப்படுத்தக் கூடாது என்றா? இந்தப் பயம்தான் மற்றதைவிடப் பெரியது.

வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போகிறேன். உங்கள் மனைவிக்கு முழுத் தாளையும் வாசித்துக் காட்டப்போகிறேன், கடைசி வரியோடு. எழுத்துக் கூட்டும்போது தடுக்கும். தாள் மட்டும் நேராக இருக்கும், நானா.